தீர்ப்பு வந்த பிறகு மூடப்பட்ட பள்ளிகள்: பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி, 1951 முதல் 1964 வரை

அமெரிக்கப் பள்ளிகளில் நிறப் பிரிவினை ஒழிந்த கதையை நாம் பெரும்பாலும் பிரிவினை செல்லாது என்ற 1954-ஆம் வருட உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு முடித்துவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு ஐந்து வழக்குகளைச் சேர்த்து வந்த ஒன்று. அதில் ஒன்று வர்ஜீனியா மாநிலத்தின் ஒரு சின்னக் கவுண்டியிலிருந்து (மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதி) போனது. வழக்குப் போட்டவர்கள் ஜெயித்தார்கள். ஜெயித்து ஐந்து வருடம் கழித்து அந்தக் கவுண்டியின் பொதுப் பள்ளிகள் எல்லாவற்றையும் பூட்டினார்கள். பூட்டு மேலும் ஐந்து வருடம் தொங்கியது. அது எப்படி நடந்தது, யார் எந்த இடத்தில் என்ன முடிவெடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்பதுதான் இந்தப் பதிவு. ஊர்க்காரர்கள் யாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அவர்களில் பலர் அப்போது சிறுவர்கள்.

பின்னணி

பிரின்ஸ் எட்வர்ட், வர்ஜீனியாவின் தென்பகுதியில் புகையிலை விளையும் கவுண்டி. தலைமையிடம் ஃபார்ம்வில் என்ற சிறு நகரம். பள்ளி மாணவர்களில் பாதிக்கு மேல் கருப்பினப் பிள்ளைகள். 'தனியாக இருக்கலாம், சமமாக இருந்தால் போதும்' என்று 1896-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதன்படி இரண்டு இனத்துக்கும் தனித்தனிப் பள்ளிகள்.

இங்கே ஒரு ஏற்பாட்டை முதலிலேயே விளங்கிக்கொள்வது நல்லது. அமெரிக்காவில் பொதுப் பள்ளிகளுக்கான பணத்தில் ஒரு பெரிய பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. பிரின்ஸ் எட்வர்டில் பள்ளிகளை நடத்தியது பள்ளி வாரியம். வரி போட்டுப் பணம் ஒதுக்கியதோ மேற்பார்வையாளர் வாரியம் என்ற வேறொரு அமைப்பு. சாவி ஒருவர் கையில், கல்லாப்பெட்டி இன்னொருவர் கையில். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்தப் பிரிவுதான் வழிவிட்டது.

கருப்பினப் பிள்ளைகளுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளியை 1939-ல் 180 பேருக்காகக் கட்டினார்கள். 1951-க்குள் 450-க்கும் மேற்பட்டோர் படித்தார்கள். உடற்பயிற்சிக் கூடம் இல்லை, சாப்பாட்டுக் கூடம் இல்லை, அறிவியல் ஆய்வகம் இல்லை. அரங்கத்தில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வகுப்புகள் நடக்கும். நிறுத்தி வைத்த பள்ளிப் பேருந்துக்குள்ளும் பாடம் நடந்தது. பெற்றோர் திரும்பத் திரும்ப மனு கொடுத்தபோது, தற்காலிக ஏற்பாடு என்று சொல்லி மூன்று கொட்டகைகளைப் போட்டுக் கொடுத்தார்கள். மரச்சட்டத்தின் மேல் தார் பூசிய தாளை ஒட்டிய கொட்டகைகள். பார்த்தவர்கள் கோழிக்கூண்டு என்றார்கள். உள்ளே ஒரே ஒரு அடுப்பு. அதன் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைக்கு வியர்க்கும், மூலையில் இருந்த பிள்ளை கோட்டைக் கழற்றாது. பாடத்தை நிறுத்திவிட்டு ஆசிரியரே எழுந்து போய் அடுப்பைக் கிளற வேண்டும். மழை வந்தால் ஒழுகும். ஊரின் இன்னொரு பக்கம் வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளியில் மோட்டனில் இல்லாத அத்தனையும் இருந்தன.

புதுப் பள்ளி கட்டித் தருகிறோம், நிலம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று பள்ளி வாரியம் சொல்லிக்கொண்டே இருந்தது.

1951: மாணவர்கள் எடுத்த முடிவு

ஏப்ரல் 23 அன்று பள்ளி முதல்வருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது: உங்கள் மாணவர்கள் பேருந்து நிலையத்தில் போலீசிடம் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், உடனே வாருங்கள். அவர் கிளம்பிப் போனார். அது மாணவர்கள் செய்த ஏற்பாடு. அப்புறம் எல்லா வகுப்புகளுக்கும் முதல்வர் பெயரில் ஒரு சீட்டு போனது: அனைவரும் அரங்கத்துக்கு வரவும். திரை விலகியபோது மேடையில் நின்றது முதல்வர் அல்ல, பதினாறு வயது மாணவி. ஆசிரியர்களை வெளியே போகச் சொன்னாள். அவர்கள் தயங்கியபோது காலில் இருந்த ஷூவைக் கழற்றி பெஞ்சில் ஓங்கித் தட்டினாள். அன்றே மாணவர்கள் அத்தனை பேரும் வெளிநடப்புச் செய்தார்கள். இரண்டு வாரம் வகுப்புக்குத் திரும்பவில்லை.

முதல்வரை ஏன் ஏமாற்றி வெளியே அனுப்பினார்கள்? அவர் உள்ளே இருந்தால் தடுத்தாக வேண்டும். தடுக்காவிட்டால் அவர் வேலை போகும். இரண்டும் வேண்டாம் என்று நினைத்தார்கள். (அடுத்த வருடத்துக்கு அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஏமாற்றியும் பயனில்லாமல் போனது.)

மாணவர்கள் முதலில் கேட்டது ஒரு நல்ல கட்டடம், அவ்வளவுதான். மாநிலத் தலைநகர் ரிச்மண்டில் இருந்த, கருப்பினத்தவர் உரிமைக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. சங்கத்தின் வழக்கறிஞர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். அவர்கள் வேறு வழக்குக்காகப் போகும் வழியில் ஃபார்ம்வில்லில் இறங்கினார்கள். பிள்ளைகளை வகுப்புக்குத் திரும்பச் சொல்லிவிட்டுப் போகலாம் என்ற எண்ணத்தில் வந்தவர்கள், நேரில் பார்த்ததும் மனம் மாறினார்கள். ஆனால் இரண்டு நிபந்தனை வைத்தார்கள். புதுக் கட்டடம் கேட்டு வழக்குப் போட மாட்டோம், பிரிவினையே சட்டவிரோதம் என்றுதான் போடுவோம். அதற்குப் பெற்றோர் சம்மதிக்க வேண்டும். 'சமமாகத் தாருங்கள்' என்று ஊர் ஊராக வழக்குப் போட்டு ஒரு கட்டடமும் இரண்டு பேருந்தும் வாங்குவதில் பயன் இல்லை என்று அந்தச் சங்கம் அதற்கு முந்தைய வருடமே முடிவெடுத்திருந்தது.

சம்மதம் எளிதில் கிடைத்துவிடவில்லை. தேவாலயத்தில் நடந்த கூட்டத்தில் எதிர்ப்பும் வந்தது. வெள்ளைக்காரரின் நிலத்திலும் கடையிலும் வேலை பார்க்கிற பெற்றோருக்கு இழக்க நிறைய இருந்தது. கடைசியில் மே 23 அன்று வழக்குத் தாக்கலானது. மனுதாரர்கள் 117 மாணவர்கள். மேடையில் பேசிய மாணவிக்கு மிரட்டல் வந்தது. பெற்றோர் அவளை அலபாமாவில் மான்ட்கோமரி நகரில் இருந்த தந்தையின் சகோதரர் வீட்டுக்கு அனுப்பினார்கள். மீதிப் படிப்பை அங்கேதான் முடித்தாள்.

1952 முதல் 1958 வரை: தீர்ப்பும் தேதியும்

1952-ல் மூன்று நீதிபதிகள் கொண்ட கூட்டாட்சி நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. பிரிவினை அந்த மக்களின் நெடுநாள் வழக்கம், அதனால் எந்த இனத்துக்கும் கெடுதல் ஏற்பட்டதாகத் தெரியவில்லை என்றது. கட்டடங்களை மட்டும் சமமாக்கச் சொன்னது. 1953-ல் மோட்டனுக்குப் புதுக் கட்டடம் வந்தது. மனுக்கள் போட்டுக் கிடைக்காதது, வழக்கு மேலே போனதும் கிடைத்தது.

1954 மே 17 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: பொதுப் பள்ளிகளில் தனித்தனி என்பதே சமமின்மை. ஆனால் எப்போதிலிருந்து அமல் என்று அன்றைக்குச் சொல்லவில்லை. அதற்கு இன்னொரு தீர்ப்பு, 1955-ல். அதிலும் தேதி இல்லை. நிதானத்தோடு கூடிய வேகத்தில் செய்யுங்கள் என்ற பொருளில் ஒரு சொற்றொடர் இருந்தது. மேற்பார்வை உள்ளூர் நீதிபதிகளிடம் விடப்பட்டது.

இதற்குக் காரணமே இல்லை என்று சொல்ல முடியாது. தெற்கில் எதிர்ப்பு பலமாக இருக்கும் என்று நீதிபதிகளுக்குத் தெரியும். உள்ளூர் நிலைமை உள்ளூர் நீதிபதிக்குத்தான் விளங்கும், கொஞ்சம் விட்டுப் பிடித்தால் வன்முறை இல்லாமல் நடக்கும் என்று கணக்குப் போட்டார்கள். எதிராளிகளோ அந்தச் சொற்றொடரில் 'நிதானத்தோடு' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். வர்ஜீனியாவின் செனட்டர் ஹாரி பேர்ட் 1956-ல் மாபெரும் எதிர்ப்பு என்றே பெயர் சூட்டி ஒரு கொள்கையை முன்வைத்தார். எந்தப் பள்ளி இரண்டு இனப் பிள்ளைகளையும் சேர்க்கிறதோ அதை மூடலாம், அதன் பணத்தை நிறுத்தலாம் என்று மாநிலம் சட்டம் போட்டது.

1958-ல் பிரின்ஸ் எட்வர்ட் வழக்கைப் பார்த்த மாவட்ட நீதிபதி ஒருவழியாக ஒரு தேதி கொடுத்தார். 1965! முதல் தீர்ப்பு வந்த வருடம் ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை அதற்குள் பள்ளியை விட்டே வெளியேறும் வயதுக்கு வந்திருக்கும்.

1959: பூட்டு

வருடத் தொடக்கத்தில் மாநிலத்தின் மூடல் சட்டம் மாநில உச்ச நீதிமன்றத்திலும் கூட்டாட்சி நீதிமன்றத்திலும் ஒரே நாளில் விழுந்தது. அதன் கீழ் மூடப்பட்ட நார்ஃபோக், சார்லட்ஸ்வில் பள்ளிகள் திறந்தன. மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1965 என்ற தேதியைத் தூக்கி எறிந்தது; வரும் செப்டம்பரிலேயே கருப்பினப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்றது.

ஜூன் மாதம் பிரின்ஸ் எட்வர்டின் மேற்பார்வையாளர் வாரியம் கூடிப் பள்ளிகளுக்கு ஒரு காசும் ஒதுக்குவதில்லை என்று முடிவெடுத்தது.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நீதிமன்ற ஆணை பள்ளி வாரியத்துக்கு. இரண்டு இனத்தையும் சேர்த்துப் பள்ளி நடத்து என்பது ஆணை. பள்ளி வாரியம் மறுக்கவில்லை. அதனிடம் பணம் இல்லை. பணம் தராத வாரியத்தின் மீது ஆணையே இல்லை. பள்ளி நடத்தியே தீர வேண்டும் என்று அதைக் கட்டாயப்படுத்தும் சட்டமும் இல்லை என்றார்கள். வெள்ளையர் பள்ளியும் கருப்பினத்தவர் பள்ளியும் ஒன்றாக மூடப்பட்டால் அதில் பாகுபாடு எங்கே என்று கேட்டார்கள். லிட்டில் ராக் நகரில் நடந்ததுபோல வாசலில் துருப்புகளை நிறுத்தவில்லை, கூட்டம் கல்லெறியவில்லை. வரவு செலவுக் கணக்கில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. கதவுகளுக்குச் சங்கிலி போட்டார்கள்.

வெள்ளைப் பிள்ளைகளுக்கு அந்தச் செப்டம்பரிலேயே தனியார் அகாடமி தொடங்கியது. தேவாலயங்களிலும் பழைய வீடுகளிலும் வகுப்பு நடந்தது. முதல் வருடம் நன்கொடையில் ஓடியது. அடுத்த வருடம் மாநிலமும் கவுண்டியும் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு மானியம் கொடுத்தன, நன்கொடை கொடுத்தவர்களுக்குக் கவுண்டி சொத்து வரியில் கழிவு கொடுத்தது. பொதுப் பள்ளிக்கு இல்லாத பணம் இந்த வழியில் வந்தது. பள்ளி மூடியிருக்கும்வரை இந்த மானியம் கூடாது என்று 1961-ல் நீதிமன்றம் தடுத்தது. அப்புறம் கட்டணம் கட்ட முடியாத ஏழை வெள்ளைக் குடும்பங்களும் தவித்தன. அவர்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை.

பள்ளி இல்லாத ஐந்து வருடம்

ஏறக்குறைய 1,700 கருப்பினப் பிள்ளைகளுக்குப் போக இடம் இல்லை. குடும்பங்கள் ஆளுக்கொரு வழி தேடின. அக்கா வீடு, அத்தை வீடு என்று பக்கத்துக் கவுண்டிகளுக்கு அனுப்பினார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு குடிசையை வாடகைக்கு எடுத்து, அந்த முகவரியைக் காட்டிப் பள்ளியில் சேர்த்தவர்களும் உண்டு. உயர்நிலைப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்த சில பத்துப் பேரை வட கரோலினாவில் கிட்ரெல் என்ற சிறு கல்லூரி எடுத்துக்கொண்டது. குவேக்கர் சமய அமைப்பு ஒன்று இன்னும் சில பத்துப் பேரை வேறு மாநிலங்களில் முன்பின் தெரியாத குடும்பங்களோடு தங்கிப் படிக்க வைத்தது. எண்ணிப் பார்த்தால் எல்லாம் சேர்ந்தும் சின்னப் பங்குதான். மற்றவர்கள் வீட்டில் இருந்தார்கள், புகையிலைக் காட்டுக்குப் போனார்கள்.

இந்தக் கட்டத்தில் கருப்பினச் சமூகத்தின் தலைவர்கள் எடுத்த ஒரு முடிவு எனக்கு மிகக் கடினமானதாகத் தெரிகிறது. 1959 டிசம்பரில், உங்கள் பிள்ளைகளுக்கும் தனியார் பள்ளி நடத்தித் தருகிறோம் என்று வெள்ளையர் சிலர் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஒரே ஒரு விண்ணப்பம்தான் வந்தது. அதில் சேர்ந்தால் எல்லோருக்கும் பள்ளி கிடைத்துவிட்டது, பொதுப் பள்ளி தேவையில்லை என்று நீதிமன்றத்தில் வாதாடுவார்கள். இந்த வழக்கு செத்தால் தெற்கில் மற்ற ஊர்களும் இதே வழியைப் பிடிக்கும். இதுதான் மறுத்ததற்குக் காரணம். அதே காரணத்துக்காக, தேவாலயங்களின் கீழ்த்தளத்தில் தாங்களே நடத்திய வகுப்புகளுக்கும் பள்ளி என்று பெயர் வைக்கவில்லை, பயிற்சி மையம் என்றார்கள். தினம் சில மணி நேரம் எழுத்து, கணக்கு, விளையாட்டு. பாடத்திட்டம் கிடையாது.

வழக்கு நாட்களை விழுங்கியது. மாவட்ட நீதிபதி 1962-ல், மாநிலத்தின் மற்ற இடங்களில் பள்ளி நடக்கும்போது இங்கே மட்டும் மூடக் கூடாது என்றார். மேல்முறையீட்டு நீதிமன்றம், மாநில நீதிமன்றம் முதலில் சொல்லட்டும் என்றது. மாநில உச்ச நீதிமன்றம் 1963 டிசம்பரில், அது கவுண்டியின் விருப்பம் என்றது. அதற்கு முன், அதே வருடக் கோடையில் ஃபார்ம்வில் தெருக்களில் பதின்ம வயதினர் மறியல் செய்து கைதானார்கள். கூட்டாட்சி அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி ஒரு கூட்டத்தில், இலவசப் பொதுக்கல்வி இல்லாத இடங்கள் என்று கம்யூனிஸ்ட் சீனா, வட வியட்நாம் முதலிய பெயர்களை அடுக்கி, கடைசியில் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி, வர்ஜீனியா என்று முடித்தார்.

1963 செப்டம்பரில் கூட்டாட்சி அரசின் முயற்சியில், தனியார் நன்கொடையில், இலவசப் பள்ளிகள் என்ற பெயரில் ஒரு வருடத்துக்கு மட்டும் பள்ளிகள் திறந்தன. கவுண்டியிடமிருந்தே கட்டடங்களைக் குத்தகைக்கு எடுத்தார்கள். 1,500-க்கு மேல் சேர்ந்ததில் நான்கு பேர் வெள்ளைப் பிள்ளைகள். வயதை வைத்து வகுப்புப் பிரிக்க முடியவில்லை. பத்து வயதுப் பிள்ளை பென்சில் பிடித்ததில்லை. பக்கத்தில் இருபதை நெருங்கியவர் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறார். அதனால் வகுப்பு எண்களையே எடுத்துவிட்டு, யாருக்கு எது தெரியுமோ அங்கிருந்து என்று குழு பிரித்தார்கள். பள்ளி போகாத பிள்ளைகள் படிப்பில் எவ்வளவு பின்தங்கிப் போனார்கள் என்பதை மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகக் குழு ஒன்று அங்கேயே வந்து அளந்து பதிவு செய்தது. 1964 மே மாதம் ராபர்ட் கென்னடி வந்தபோது, சுட்டுக் கொல்லப்பட்ட அவர் அண்ணன் ஜான் கென்னடியின் பெயரில் அமையவிருந்த நூலகத்துக்காக மாணவர்கள் பென்னி பென்னியாகச் சேர்த்த காசைக் கொடுத்தார்கள்.

1964: திறப்பும் அதற்குப் பின்னும்

மே 25 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நிதானம் அளவுக்கு மீறிவிட்டது, வேகம் போதவில்லை என்று தன்னுடைய பழைய சொற்றொடரையே திருப்பி எழுதியது. எல்லாவற்றையும் விட முக்கியம்: தேவைப்பட்டால் மேற்பார்வையாளர் வாரியத்தை வரி போட வைக்கவும் மாவட்ட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றது. பள்ளிகளைத் திறக்கச் சொல்லிக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் ஆணையிடலாம் என்ற அம்சத்தில் மட்டும் இரண்டு நீதிபதிகள் உடன்படவில்லை.

வாரியம் அப்போதும் விடவில்லை. ஆகஸ்ட் மாதம், மானியத்துக்கு மீண்டும் தடை வருமுன், வெள்ளைப் பெற்றோருக்குத் தொலைபேசியில் சொல்லி அனுப்பி, ஒரே இரவில் சுமார் 1,80,000 டாலரைக் கட்டண மானியமாகப் பட்டுவாடா செய்தது. விடியுமுன் காசோலைகள் கைமாறிவிட்டன. இது நீதிமன்ற அவமதிப்பு என்று 1966-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

செப்டம்பரில் பொதுப் பள்ளிகள் திறந்தன. வந்தவர்களில் வெள்ளைப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. பிரிவினையை நீக்கச் சொன்ன வழக்கு முடிந்தபோது பொதுப் பள்ளியில் கருப்பினப் பிள்ளைகள், அகாடமியில் வெள்ளைப் பிள்ளைகள். வெள்ளைக் குடும்பங்கள் பொதுப் பள்ளிக்குத் திரும்பப் பல வருடம் ஆனது. வர்ஜீனியாவின் 1971 அரசியலமைப்பு பள்ளி நடத்துவதை மாநிலத்தின் கடமையாக்கியது, தன் பங்குப் பணத்தை ஒதுக்காமல் இருக்கும் உரிமையை உள்ளாட்சிகளிடமிருந்து எடுத்தது. கணக்கில் கட்டத்தைக் காலியாக விட்ட தந்திரம் இனி அங்கே செல்லாது.

மீண்டும் நடந்தால் எதை மாற்றலாம்

முதலாவது, தேதி. 1955-ல் நீதிமன்றம் ஒரு கல்வியாண்டைக் குறித்திருந்தால் எதிர்ப்பு இல்லாமல் போயிருக்காது. ஆனால் எதிர்ப்பவர்களுக்குத் தனியார் அகாடமியைத் திட்டமிடவும் மானியச் சட்டம் எழுதவும் நான்கு வருடம் கிடைத்திருக்காது. உரிமை இன்றே உண்டு, நிவாரணம் எப்போதாவது என்று பிரித்ததைத் தவறு என்றே நான் கருதுகிறேன்.

அப்புறம் பணம். ஆணை பள்ளி வாரியத்தோடு நின்றது. 1959-லேயே மேற்பார்வையாளர் வாரியத்தையும் எதிர்மனுதாரராகச் சேர்த்து வரியையும் ஆணைக்குள் கொண்டுவந்திருக்க வேண்டும். வரி ஆணைக்குள் வர ஐந்து வருடமானது. இந்த ஓட்டை நாடு முழுவதற்கும் இன்னும் முழுதாக அடைபடவில்லை. சொத்து வரி வித்தியாசத்தால் ஒரு பள்ளி மாவட்டம் செழிப்பதும் பக்கத்து மாவட்டம் வாடுவதும் கூட்டாட்சி அரசியலமைப்புக்கு முரண் அல்ல என்று 1973-ல் டெக்சாஸ் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருடம் டெட்ராய்ட் வழக்கில், அதே கணக்கில், நகரப் பிரிவினையைத் தீர்க்கப் புறநகர் மாவட்டங்களைப் பொதுவாக இழுக்க முடியாது என்றது. எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் குடி போனால் போதும் என்றானது. பிரின்ஸ் எட்வர்டில் பள்ளியை மூடிச் செய்ததை மற்ற இடங்களில் வீடு மாறியே செய்ய முடிந்தது.

மூன்றாவதில் நான் தயங்குகிறேன். அந்தத் தனியார் பள்ளி ஏற்பாட்டை மறுத்தது சட்ட ரீதியாகச் சரி. நானும் மறுத்திருப்பேன். ஆனால் தாங்களே நடத்திய பயிற்சி மையங்களை முழுப் பள்ளியாக ஆக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு அவ்வளவு தேவையா? 1963-ல் நன்கொடையில் முழுப் பள்ளி நடந்தது. அதனால் வழக்கு தோற்கவில்லை. அதை 1960-ல் செய்திருந்தால் மூன்று வருடம் மிஞ்சியிருக்கும். அன்று கையில் பணமும் இல்லை, வழக்கு எந்தப் பக்கம் சாயும் என்ற நிச்சயமும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கடைசியாக ஈடு. நீதிமன்றத்தில் நடந்த போராட்டம் பள்ளியைத் திறப்பதற்கு. போன வருடங்களைத் திருப்பித் தருவதற்கு அல்ல. 2003-ல் வர்ஜீனியா சட்டமன்றம் வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போட்டது. அதே வருடம் படிப்பை முடிக்காமல் விட்டவர்களுக்குக் கௌரவ உயர்நிலைச் சான்றிதழ் கொடுத்தார்கள். 2004-ல் அவர்கள் விட்ட படிப்பைத் தொடர மாநிலம் ஓர் உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. பூட்டுப் போட்ட அன்று ஒன்றாம் வகுப்பில் சேர இருந்த ஆறு வயதுப் பிள்ளைக்கு அப்போது ஐம்பத்தொரு வயது.